லெமினேட் செய்த ஈரல்

அடுத்த திங்கட்கிழமை இந்த அறையை உங்கள் மூவரிடமும் ஒப்படைக்கிறேன். ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலைத் தட்டச்சு செய்து கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். ஸ்கேன் இயந்திரம் ஒன்று. மழை நாட்களில் முதல் இருபது நிமிடம் அதன் படம் நடுங்கும், பயப்பட வேண்டாம். ஜெல் போத்தல் ஆறு. கட்டில் ஒன்று, கால் ஒன்று குட்டை. பதிவுக் கொப்பி நான்கு. இப்போது எழுதுவது அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாத ஒன்றைப் பற்றி.

எனக்கு ஓய்வு பெறும் வயதில்லை. ஆனால் மாத்தளையில் ஒரே அறையில், திரையை இழுத்துவிட்டு, எட்டு வருடங்களாகப் பிறர் ஈரலைப் பார்த்தவளுக்கு ஓய்வு பெற்றவர்களைப் போல நாலு வார்த்தை சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன். நான் சொல்வதில் கொஞ்சம் சலிப்பு தெரியும். அதை மறைக்கப் போவதில்லை. சலிப்பு வராதவர்கள் இந்த வேலைக்கு வந்ததை நான் பார்த்ததில்லை.

சலிப்புக்குச் சின்னக் காரணங்கள் பல. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், காலையில் இரண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்து, "ரொட்டி என்னங்க சாப்பாடா, சோறு தின்னலயே" என்பார்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் மூக்கைப் பிடிப்பார்கள். தம்புள்ளைச் சந்தைக்கு லொறி ஓட்டுகிற ஒருவர் கட்டிலில் படுத்தவுடன் தூங்கிவிட்டார். எழுப்பியபோது, சோதனைச் சாவடி என்று நினைத்து, "பொயின்ட் வந்துருச்சா" என்று சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தேடினார். இவற்றுக்கெல்லாம் நீங்களே பழகிவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது பழனியாண்டியின் படத்தைப் பற்றி.

நம் ஆய்வு என்னவென்று உங்களுக்குத் தெரியும். மஞ்சள் காமாலைக் கிருமியால் ஈரலில் தழும்பு விழுந்தவர்களைத் தொடர்ந்து ஸ்கேன் செய்து பார்க்கிறோம். அவர்களில் சிலருக்குப் புற்றுநோய் வரும். தொடக்கத்தில் வலி இருக்காது, பசி குறையாது. திரையில் ஒரு சின்ன முடிச்சு மட்டும் தெரியும். அப்படித் தெரிகிற முடிச்சு எல்லாமே புற்றுநோயும் அல்ல. எந்தத் தொந்தரவும் செய்யாத இரத்தக் குழாய்க் கட்டியும் சில வேளை அதே போலத்தான் தெரியும். ஒன்று வளரும், மற்றது பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே இன்றைய படத்தைவிட முன்னைய படம் முக்கியம். இது எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரியும். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.

பழனியாண்டி பல்லேபொலப் பக்கம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் மிளகு பறிப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். முதல் தடவை அவரைப் பார்த்த அன்று அவருடைய ஈரலின் வலது பக்கத்தில் ஒரு முடிச்சைக் கண்டேன். வியாழக்கிழமைதோறும் கண்டியிலிருந்து வரும் எங்கள் டொக்டர், இராணுவம் பாதையை மூடியிருந்ததால் அன்று வரவில்லை. படம் எடுத்தேன். ஒரே ஒரு பிரதி எடுத்தேன். அதை அவரிடமே கொடுத்தேன். "இத பத்திரமா வச்சிக்கங்க. அடுத்த தடவை இது இல்லாம வராதீங்க" என்றேன். பதிவுக் கொப்பியில் எழுதினேன்: வலது பக்கம், சிறிய முடிச்சு, மூன்று மாதத்தில் மீண்டும் பார்க்க.

ஒரே பிரதிக்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. படக் காகிதச் சுருள் கொழும்பிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கோப்பில் வைத்த பிரதிகள் அறை மாற்றும்போதெல்லாம் காணாமல் போயின. நோயாளி கண்டிக்கோ கொழும்புக்கோ போக நேர்ந்தால் படம் அவர் கையில் இருப்பது நல்லது. மூன்றும் நல்ல காரணங்கள். நல்ல காரணம் மூன்று கிடைத்துவிட்டால் நான் நான்காவதாக யோசிக்க மாட்டேன். அது என் குறை.

அடுத்த வாரம் டொக்டர் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்வளவு பெரிசு பிள்ளை?" என்று கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் விரித்துக் காட்டினேன். தலையாட்டினார். "சரி, மூண்டு மாசத்தில பாப்பம்" என்றார். நானும் அதோடு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டேன்.

பழனியாண்டி வந்தது ஐந்தாம் மாதம். இடையில் மிளகு அறுவடை, பிறகு தோட்டத்தில் இரண்டு தடவை இராணுவச் சுற்றிவளைப்பு. ஒரு வியாழக்கிழமை காலை, மனைவி காமாட்சியோடு வந்து சேர்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஸ்கேன் செய்தேன். முடிச்சு அங்கேயே இருந்தது. அளந்தேன். முப்பத்து நாலு மில்லிமீற்றர்.

"பழைய படத்த குடுங்க" என்றேன்.

பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவருடைய பிறப்புச் சான்றிதழின் பிரதி, லெமினேட் செய்தது. கல்யாணப் பதிவு, லெமினேட் செய்தது. மகள் ஓட்டப் போட்டியில் இரண்டாம் இடம் வந்த சான்றிதழ், லெமினேட் செய்தது. கிளினிக் துண்டு, அதுவும் லெமினேட் செய்தது. ஆகவே அதில் யாரும் ஐந்து மாதமாக எதுவும் எழுத முடியவில்லை. கடைசியாக, உள்ளங்கை அளவில், ஓரம் வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, பளபளவென்று ஒரு கறுப்பு அட்டை.

"இது என்ன?"

"படம்தாங்க மிஸ்."

நம் இயந்திரத்தின் காகிதம் மையால் அச்சாவதில்லை. சூடு பட்ட இடம் கறுக்கும், அவ்வளவுதான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் அதை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்து, சூடான உருளைக்குள் விட்டிருக்கிறார்கள். ஈரல், முடிச்சு, திகதி, பெயர் எல்லாம் ஒரே கறுப்பு.

"கறுப்பா வந்தப்ப நீங்க கேக்கலயா?"

"கேட்டேங்க. கடை மொதலாளி சொன்னாரு, எக்ஸ்ரேனா கறுப்பாத்தான் இருக்கும்னு. எனக்கும் சரின்னு பட்டுச்சு. நீங்க குடுத்தப்ப வெள்ளையா, மங்கலா இருந்திச்சு. இப்பதான் நல்லா கழுவி வந்திருக்குன்னு நெனச்சேன்."

"நான் அப்பவே சொன்னேன் மிஸ்," என்றார் காமாட்சி. "ட்ரங்குப் பெட்டியில போட்டு வைங்கன்னு. கேட்டாத்தானே."

"ட்ரங்குப் பெட்டிய தூக்கிட்டா நான் பலாபத்வல பொயின்ட்ல நிக்கிறது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குத் தேசிய அடையாள அட்டை இல்லை. தோட்டத்தில் அவரைப் போல எத்தனையோ பேர். பிரஜாவுரிமைக் கடிதம் இல்லாமல் அட்டை இல்லை. அந்தக் கடிதத்துக்கு அவருடைய அப்பா காலத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்த நிலையில், ஆஸ்பத்திரியின் பெயரும் திகதியும் ஆங்கிலத்தில் அவருடைய பெயரும் மேலே அச்சான ஒரு காகிதம் அவர் கைக்கு வந்திருக்கிறது. சட்டைப் பையில் வைக்கிற அளவு. அதை அவர் எப்படிப் பத்திரப்படுத்துவார்? சோதனைச் சாவடிகளுக்கு அஞ்சுகிற எல்லோரும் எப்படிப் பத்திரப்படுத்தினார்களோ அப்படித்தான்.

"பொயின்ட்ல இத காட்டினீங்களா?"

"ரெண்டு தடவை காட்டினேன். 'மேக மொகக்த', இது என்னன்னு கேட்டான் ஒரு ஆமி. 'மாத்தயா, மகே அக்மாவ' ன்னேன். என்னோட ஈரல்னு. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தான். சிரிச்சிட்டு விட்டுட்டான்."

நான் சிரிக்கவில்லை. அப்போது சிரிப்பு வரவில்லை. எரிச்சல் மட்டும்தான் வந்தது. அவர் மீது, கடைக்காரர் மீது, கொழும்பிலிருந்து வராத காகிதச் சுருள் மீது. கொப்பியைப் புரட்டி ஐந்து மாதத்துக்கு முந்தைய பக்கத்தை எடுத்தேன். என் எழுத்து அழகானது, எல்லோரும் சொல்வார்கள். அந்த அழகான எழுத்தில் "சிறிய முடிச்சு" என்றிருந்தது.

சிறியது என்றால் எவ்வளவு? அளவு படத்தில் அச்சாகியிருந்தது. ஆகவே கொப்பியில் எழுதவில்லை. அதே விஷயத்தை இரண்டு தடவை எழுதுவது எனக்குப் பிடிக்காது.

டொக்டர் பத்தரைக்கு வந்தார். ஒரு மணிக்கு அவர் திரும்பிப் போயாக வேண்டும், அதற்குப் பிந்தினால் கண்டிப் பாதையில் மூன்று இடத்தில் இறங்கி நிற்க வேண்டிவரும். கறுப்பு அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன பிள்ளை, கறுப்பாக் கிடக்கு?"

சொன்னேன். கொப்பியையும் காட்டினேன்.

"சிறிசு எண்டு எழுதி வைச்சிருக்கிறாய். அண்டைக்கு எனக்கு விரலாலை காட்டினனீ. இப்ப காட்டு பாப்பம்."

விரல்களை விரித்தேன். மேசையிலிருந்த அடிமட்டத்தை எடுத்து இடையில் வைத்து அளந்தார். "இருபத்தெட்டு. கையை மடக்கு. திரும்பக் காட்டு." பதினேழு. மூன்றாம் தடவை இருபத்திரண்டு. அடிமட்டத்தை மேசையில் போட்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பதினேழாக இருந்திருந்தால் அது ஐந்து மாதத்தில் இரண்டு மடங்காகியிருக்கிறது, உடனே கண்டிக்கு அனுப்ப வேண்டும். முப்பத்து நாலாகவே இருந்திருந்தால் அவர் வீட்டுக்குப் போய் மிளகு காய வைக்கலாம். இரண்டில் எது என்று தெரியவில்லை. இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கலாம். பதில் வர ஒரு மாதத்துக்கு மேலாகும், வந்தாலும் 'இல்லை' என்ற பதிலை முழுதாக நம்ப முடியாது.

"இண்டைக்கு அளவை எழுது. மூண்டு மாசத்தில திரும்பப் பார். வளர்ந்திருந்தா அனுப்புவம்," என்றார் டொக்டர். "சும்மா போய் ஈரலில ஊசி குத்துவிச்சு, இரத்தம் கசிஞ்சா ஆர் பதில் சொல்லுறது?"

முறைப்படி அவர் சொன்னதில் பிழையில்லை. ஆய்வுக் குறிப்பேட்டிலும் அப்படித்தான் இருந்தது: முந்தைய படம் இல்லாதவரைப் புதிய நோயாளியாகக் கருதுக.

"இவர் புது நோயாளி இல்லையே டொக்டர்," என்றேன். "ஏற்கெனவே அஞ்சு மாசம் போயிருக்கு. இன்னும் மூணு மாசம் கழிச்சு அது வளந்திருந்தா, எட்டு மாசம் வளர விட்டோம்னு ஆகும்."

"படத்தைச் சுட்டுக் கறுப்பாக்கினது நாங்களோ?"

"படத்த தொலைச்சது அவரு. அளவ தொலைச்சது நான்."

டொக்டர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "அவையளைக் கூப்பிடு," என்றார்.

இருவரும் உள்ளே வந்து நின்றார்கள். டொக்டர் நிலைமையைச் சொல்லி, கண்டிக்குப் போகிறீர்களா என்று கேட்டார். பழனியாண்டி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

"மூணு மாசம் கழிச்சே வாறேங்க. எனக்கு நோவு ஒண்ணும் இல்ல."

"நோவு இல்லன்னா நோய் இல்லன்னு அர்த்தமில்ல," என்றேன்.

"மிஸ், மாத்தளையில என்ன நாலு பேருக்குத் தெரியும். இந்தப் பக்கத்துப் பொயின்ட்ல நிக்கிற ஆமிக்கே மூஞ்சி தெரியும். கண்டியில யாருக்குத் தெரியும்? போன வருசம் இவ தம்பி மருந்து எடுக்கப் போயி, ஐடென்டி இல்லன்னு புடிச்சு வச்சிட்டாங்க. பதினோரு நாளு. தோட்டத்துத் தொரை போயி சொல்லித்தான் விட்டாங்க."

இதற்கெல்லாம் பயிற்சிக் கல்லூரியில் பாடம் இல்லை. ஆனால் ஒன்று எனக்குத் தெரிந்தது. அவர் எதை எதோடு ஒப்பிட்டு முடிவெடுக்கிறாரோ, அதில் பாதியை நாங்கள் அவருக்குச் சொல்லவேயில்லை. 'முடிச்சு' என்று சொல்லியிருந்தோம். முடிச்சு என்றால் புடவையிலும் இருக்கிறது.

"அது புற்றுநோயா இருக்கலாம்," என்றேன். "இல்லாமலும் இருக்கலாம். போன தடவை எவ்வளவு பெருசுன்னு நான் எழுதி வச்சிருந்தா இப்பவே சொல்லியிருப்பேன். நான் எழுதல. உங்க படம் கறுத்ததால மட்டும் இல்ல, அது என்னோட பிழை. இப்ப இருக்கிற அளவுல, அது புற்றுநோயா இருந்தாலும் வெட்டி எடுக்கலாம். மூணு மாசம் கழிச்சு முடியுமான்னு எனக்குத் தெரியாது."

டொக்டர் என்னைப் பார்த்தார். பழனியாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காமாட்சிதான் கேட்டார்:

"ஆமி புடிச்சா பதினோரு நாள்ல விட்டான். இது புடிச்சா விடுமா மிஸ்?"

"விடாது."

"அப்ப போங்க," என்று கணவரிடம் சொன்னார். "நானும் வாறேன். புடிச்சா ரெண்டு பேரையும் புடிக்கட்டும்."

அப்போது பதினொன்றரை. ஒரு மணிக்குள் அவர் கையில் ஒரு கடிதம் இருக்க வேண்டும். ஆய்வுக் கடிதத்தாளில், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், இவர் இன்னார், இன்ன தோட்டத்தில் வேலை செய்கிறார், இன்ன நோய்க்காகக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறார், தேவைப்பட்டால் எங்களைக் கேளுங்கள் என்று எழுதினேன். போட்டோ ஒட்ட வேண்டும். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது எடுத்த போட்டோ இருப்பதாகச் சொன்னார். எடுத்துக் கொடுத்தார். லெமினேட் செய்திருந்தது. பசை ஒட்டவில்லை. கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, பிளாஸ்டிக்கை உரிக்கப் பார்த்து, பாதி முகம் கூடவே வருவதைக் கண்டு நிறுத்தி, கடைசியில் நான்கு மூலையிலும் பின் அடித்தேன்.

அந்தக் கடிதத்தோடு சத்திரசிகிச்சை நிபுணருக்கு இன்னொரு கடிதம். அதில் ஒரு வரி: "முதல் ஸ்கேனில் முடிச்சின் அளவை நான் பதிவு செய்யவில்லை. ஆகவே வளர்ந்ததா என்று சொல்ல முடியாது. வளர்ந்திருக்கலாம் என்று கருதி உடனடியாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

டொக்டர் பேனையை அந்த வரிமேல் வைத்தார். "இதை எழுதத்தான் வேணுமோ? 'முந்தைய படம் பழுதாகிவிட்டது' எண்டு எழுதலாம். அதுவும் உண்மைதானே."

"அப்படி எழுதினா அவங்களும் மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லுவாங்க டொக்டர்."

கொஞ்ச நேரம் பேனை அங்கேயே நின்றது. பிறகு கீழே நகர்ந்து கையொப்பமிட்டது. முத்திரையை இரண்டு கடிதத்திலும் குத்தினார். பன்னிரண்டு ஐம்பது.

இரண்டு கடிதங்களையும் பழனியாண்டியிடம் கொடுத்தேன். "தோட்டத் தொரைகிட்டயும் கிராம சேவகர்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க. திங்கக்கிழமை போயிடணும். இத லெமினேட் பண்ணாதீங்க."

"இதுவும் சூட்டுல கறுக்குமா?"

"கறுக்காது."

"அப்ப பண்ணலாமே மிஸ்."

"தொரை எங்க கையெழுத்து போடுவாரு?"

யோசித்தார். "அவரு போட்டதுக்கப்புறம் பண்றேன்," என்றார். நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

கண்டியில் அவரைப் பெரிய ஸ்கேன் இயந்திரத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள், பிறகு ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். மூன்றாம் வாரம் வெட்டி எடுத்தார்கள். போகும் வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை விட்டு இறக்கியிருக்கிறார்கள். கடிதத்தைப் பார்த்துவிட்டு ஏறச் சொல்லியிருக்கிறார்கள். துரை கையெழுத்துப் போட்ட மறுநாளே அதை லெமினேட் செய்துவிட்டாராம்.

இதைப் படித்து நீங்கள் நிம்மதியாக மூச்சு விடுவீர்கள். நான் விடவில்லை. அது புற்றுநோயாக இல்லாமல், ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கசிந்து ஏதாவது ஆகியிருந்தாலும், அன்று எனக்குத் தெரிந்ததை வைத்து அதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன். முடிவு நல்லதாக அமைந்தது என்பதால் என் பிழை சின்னதாகிவிடவில்லை. இந்த அறையில் வேலை செய்கிறவர்கள் தங்கள் முடிவைச் சரியென்று நிரூபிக்க நோயாளியின் நோயைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. இதை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழனியாண்டி மூன்று மாதம் கழித்து வந்தார். மெலிந்திருந்தார். வயிற்றில் குறுக்காகப் பெரிய தழும்பு. கட்டிலின் குட்டைக் காலைத் திட்டிக்கொண்டே படுத்தார், மூச்சைச் சரியாகப் பிடித்தார். ஈரலில் புதிதாக ஒன்றும் இல்லை. வெட்டிய ஓரத்தை அளந்தேன். இரண்டு பிரதி எடுத்தேன்.

"சரி, எழும்புங்க. மூணு மாசத்துல திரும்ப வரணும். காமாட்சியக்காகிட்டயும் சொல்லுங்க."

சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்தார். ஆனால் கதவுப் பக்கம் போகவில்லை. என் மேசைக்கு வந்து, கொப்பிக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்ன?"

"எழுதுங்க மிஸ்."

"எழுதுவேன். வெளிய ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா நம்பர் தெரியும். மிளகு நிறுக்கிறவன் நான். நீங்க நம்பர் எழுதுறத பாத்துட்டுப் போறேன்."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. பேனையை எடுத்து, திகதி எழுதி, பெயர் எழுதி, எந்தப் பக்கம் என்று எழுதி, அளவுகளை மில்லிமீற்றரில் எழுதினேன். அவர் குனிந்து, ஒவ்வோர் எண்ணின் கீழும் விரலை வைத்து, உதட்டை அசைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது ஒண்ணா, ஏழா?"

என் அழகான எழுத்தைப் பார்த்தேன். இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். வெட்டிவிட்டு, அதன் பக்கத்தில் தெளிவாக எழுதினேன்.

"இப்ப சரி," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.